வெயில் உச்சியில் நிற்கும்போது யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

கேள்வி: எங்கள் சிறிய ஊரின் உள்ளாட்சி மன்றத்துக்கு நான் முதல் முறையாக உறுப்பினராகத் தேர்வாகியிருக்கிறேன். சுகாதாரக் குழுவை என்னிடம் ஒப்படைத்து, “பருவநிலை மாற்றத்தால் வரும் சுகாதார ஆபத்துகளைச் சமாளிக்க ஒரு திட்டம் தயாரியுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். படிக்கப் படிக்க மலைப்பாக இருக்கிறது. பணமும் குறைவு, ஆட்களும் குறைவு. கொசுவுக்குப் புகை மருந்து அடிக்கும் இயந்திரம் ஒன்று வாங்கினால் போதும் என்கிறார்கள் சக உறுப்பினர்கள். எதில் தொடங்குவது? கூடவே ஒரு சொந்தக் கேள்வி. என் அம்மாவுக்கு 84 வயது, தனியாக இருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார். வெயில் காலத்தில் அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

மலைப்பாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. இந்த விஷயத்தில் கையில் கிடைக்கும் அறிக்கைகள் பெரும்பாலும் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. 2030க்கும் 2050க்கும் இடையில் பருவநிலை மாற்றத்தால் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் பேர் கூடுதலாக இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு சிறிய ஊரின் உறுப்பினர் திங்கட்கிழமை காலையில் என்ன வேலையைத் தொடங்குவார்? ஆனால் அந்தக் கணிப்பில் எந்தெந்தக் காரணங்களைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். ஊட்டச்சத்துக் குறைவு, மலேரியா, வயிற்றுப்போக்கு, வெப்பம். நான்குமே நமக்குத் தெரிந்தவை. தெரிந்த நோய்தான் வராத மாதத்தில் வருகிறது, வராத ஊருக்கு வருகிறது, வந்தால் ஒரே வாரத்தில் நிறைய பேரைப் படுக்க வைக்கிறது. அதனால் நீங்கள் புது விஞ்ஞானம் எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பழைய வேலைகளை முன்கூட்டியே, ஆள் பார்த்துச் செய்ய வேண்டும்.

எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்ப் பட்டியலில் தொடங்குங்கள். உங்கள் ஊரில் மூன்று நாள் கடும் வெயில் அடித்தால் யார் யார் சாகக்கூடும் என்று பெயரோடு, வீட்டோடு தெரிய வேண்டும். கேட்கக் கடுமையாக இருக்கிறதா? இந்தத் துறையில் கடந்த முப்பது ஆண்டுகளில் நாங்கள் கற்றுக்கொண்டதில் மிகப் பெரிய பாடம் இதுதான். அதனால்தான் இதையே கொஞ்சம் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் ஒரு வெப்ப அலை. சில நாட்களுக்குள் 700க்கும் மேற்பட்டவர்கள் கூடுதலாக இறந்தார்கள். அது பணக்கார நாட்டின் பெரிய நகரம். மருத்துவமனைகள் இருந்தன, வானிலை எச்சரிக்கையும் வந்திருந்தது. இறந்தவர்களையும், அதே பகுதியில் பிழைத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தனியாக வாழ்ந்தவர்கள், படுக்கையோடு இருந்தவர்கள், வீட்டை விட்டு வெளியே வராதவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். பழக ஆள் இருந்தவர்கள், வெளியே போய்வர வண்டி வசதி இருந்தவர்கள் தப்பித்திருந்தார்கள். 2003 ஆகஸ்டில் பிரான்சில் சுமார் 15,000 பேர், அந்தக் கோடையில் ஐரோப்பா முழுவதும் சேர்த்து 70,000க்கும் அதிகமானவர்கள் வெப்பத்தால் இறந்தார்கள். அடுத்த ஆண்டே பிரான்ஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஊர் நிர்வாகமும் தனியாக இருக்கும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பெயர்ப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், வெப்ப எச்சரிக்கை வந்தால் அவர்களைத் தொடர்பு கொள்ள வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. தாமாகவோ உறவினர் மூலமாகவோ பெயர் கொடுப்பவர்கள்தான் அந்தப் பதிவேட்டில் இருப்பார்கள். யாருமே இல்லாதவருக்காக யார் பெயர் கொடுப்பது? அதனால் நீங்கள் படிவம் அச்சடித்துவிட்டு அலுவலகத்தில் காத்திருக்காதீர்கள். தபால்காரர், மருந்துக்கடைக்காரர், மின் கணக்கு எடுக்க வருபவர் ஆகியோரைக் கேளுங்கள். தெருவில் யார் வெளியே வருவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

2021 ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நடந்தது எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி. அந்த ஒரு வாரத்தில் மாகாணம் முழுக்க வெப்பத்தால் இறந்தவர்கள் 619 பேர். அவர்களில் நூற்றுக்கு 98 பேர் கட்டடத்துக்குள்ளேயே இறந்தார்கள், நடுத்தெருவில் வெயிலில் சுருண்டு விழவில்லை. பாதிக்கும் மேற்பட்டவர்கள் தனியாக இருந்தவர்கள். “வெயிலில் வெளியே போகாதீர்கள், வீட்டுக்குள் இருங்கள்” என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை அவர்களைக் காப்பாற்றவில்லை, ஏனென்றால் அந்த வீடுகளே அடுப்பாக இருந்தன.

என் அனுபவத்தில் ஒரு வீடு. வெப்ப அலையின் நான்காம் நாள் மாலை. மொட்டை மாடிக்கு நேர் கீழே ஒரு அறை. அக்கம்பக்கத்தார் கூப்பிட்டுப் போனபோது பெரியவர் இறந்து சில மணி நேரம் ஆகியிருந்தது. திருட்டுப் பயத்தில் ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் ஒரு சொம்புத் தண்ணீர், மேலே தட்டு மூடி, வாய் வைக்காமல் நிறைந்து இருந்தது. ராத்திரி எழுந்து கழிப்பறைக்குப் போக முடியவில்லை என்று தண்ணீரையே குறைத்துவிட்டார் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். கைபேசியில் மூன்று எச்சரிக்கைக் குறுஞ்செய்திகள், மூன்றும் திறக்கப்படவில்லை. எங்கள் கணக்குப்படி அந்தப் பகுதியில் எச்சரிக்கை எல்லோரையும் சென்று சேர்ந்துவிட்டது. அந்த வரி எங்கள் அறிக்கையில் அப்படியே இருந்தது. அதற்கு அப்புறம் “சென்று சேர்ந்தது” என்ற வார்த்தையை நான் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை.

சரி, பட்டியல் தயார். அடுத்து ஆள். ஒரு தன்னார்வலருக்குப் பத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கொடுத்தால் கடைசி நான்கு வீடுகள் போன் அழைப்போடு முடிந்துவிடும். எச்சரிக்கை நாட்களில் ஒரு நாளைக்கு இரண்டு முறை போக வேண்டும். அதில் ஒன்று கண்டிப்பாக மாலையில் இருக்கட்டும். வெளியே வெயில் தணிந்துவிட்டது என்று நாம் மூச்சு விடும் நேரத்தில்தான் சுவரும் கூரையும் பகலில் வாங்கிய சூட்டை உள்ளே கக்கும். ஒவ்வொரு தன்னார்வலர் கையிலும் அறை வெப்பநிலை பார்க்கும் ஒரு தெர்மாமீட்டர் கொடுங்கள். பகலில் அறை 32 டிகிரிக்குக் கீழும், இரவில் 24 டிகிரிக்குக் கீழும் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பல வெப்ப நாடுகளில் இரவு 24 என்பது கனவுதான். ஆனாலும் எண்ணைப் பார்த்துப் பேசுவது, “கொஞ்சம் புழுக்கமாக இருக்கிறது” என்று பேசுவதை விட மேல்.

மின்விசிறி பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அறைக் காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால், விசிறி வெறும் சூட்டுக் காற்றை உடம்பின் மேல் அடிக்கும், உடம்பு இன்னும் சூடாகும். வயதானவர்களுக்கு வியர்வையும் குறைவு. ஆகவே விசிறியை மட்டும் நம்பி ஆளை விட்டுவிட்டு வரக்கூடாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பது, சட்டையை நனைத்துப் போட்டுக்கொள்வது, கை கால்களைத் தண்ணீரில் வைப்பது, இதெல்லாம் உதவும். இதுவும் போதாது என்றால் குளிர்ச்சியான இன்னொரு இடத்துக்கு ஆளையே கூட்டிப் போக வேண்டும். ஒரு பள்ளி, ஒரு நூலகம், தரைத் தளத்தில் ஒரு பொதுக்கூடம் எதுவாக இருந்தாலும் சரி. கூட்டிப் போக வண்டிக்கு யார் பொறுப்பு என்றும் எழுதிவையுங்கள். நடக்க முடியாதவருக்காகத் திறந்துவைத்த குளிர் அறை காலியாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தன்னார்வலர்களுக்கு மருத்துவம் சொல்லிக் கொடுக்க வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் பச்சை குத்தின மாதிரி மனதில் பதிய வேண்டும். உடம்பு அனலாகக் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறது என்றால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றுபோயிருக்கும் என்று பழைய புத்தகங்களைப் பார்த்துச் சிலர் சொல்வார்கள், வெயிலில் வேலை பார்த்தவருக்கு வியர்த்துக்கொண்டே கூட வரும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அது வரும் வரை சும்மா நிற்கக்கூடாது. அந்த இடத்திலேயே துணிகளைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். முதல் அரை மணி நேரத்தில் உடம்பைக் குளிர வைத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் கூடும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. பாரசிட்டமால் கொடுத்துப் பயனில்லை, அது காய்ச்சலுக்கான மாத்திரை. இது காய்ச்சலே இல்லை.

எந்த வெப்பநிலையில் எச்சரிக்கை கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் ஒரு கணக்கு டீச்சர் தேவைப்படுகிறார். அகமதாபாத்தில் 2010 மே மாதத்தில் வழக்கத்தை விட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அன்றன்றைய சாவு எண்ணிக்கையை அன்றைய வெப்பநிலையோடு பொருத்திப் பார்த்துத்தான் அது தெரியவந்தது. அதை அடிப்படையாக வைத்து 2013இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது, தெற்காசியாவிலேயே முதல் முறையாக. நீங்களும் பிறப்பு இறப்புப் பதிவேட்டிலிருந்து பத்து ஆண்டுகளின் கோடை மாதக் கணக்கை எடுங்கள். சிறிய ஊரில் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ சாவுதான் இருக்கும், அதில் எந்தக் கோடும் தெரியாது. சுற்றுவட்டார ஊர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆம்புலன்ஸ் அழைப்புகளையும் சேருங்கள். பகல் வெப்பத்தோடு இரவின் குறைந்தபட்ச வெப்பத்தையும் ஒரு வரிசையில் எழுதுங்கள், ஈரப்பதத்தையும் மறக்காதீர்கள். இரவில் உடம்பு ஆறவில்லை என்றால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் எண்ணிக்கை ஏறும். வெப்பத்தையும் சாவு எண்ணிக்கையையும் வரைபடமாகப் போட்டால், எந்த வெப்பநிலையில் கோடு மேல்நோக்கி வளைய ஆரம்பிக்கிறதோ அதுதான் உங்கள் ஊருக்கான எச்சரிக்கை எண். இன்னொரு ஊரின் எண்ணைக் கடன் வாங்கினால் ஒத்துவராது. குளிர்ச்சிக்குப் பழகிய ஊரில் ஜனங்கள் 33 டிகிரியிலேயே படுத்துவிடுவார்கள்.

அகமதாபாத்தில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம் உண்டு. அங்கே ஒரு பொது மருத்துவமனையில் 2010 வெயிலின்போது பச்சிளங்குழந்தைகள் வெப்பத்தால் பாதிக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டார்கள். என்ன என்று பார்த்தால், பிரசவ வார்டு மேல் மாடியில், கூரைக்குக் கீழே இருந்தது. வார்டைக் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள், அப்படி வரும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு நாளைக்கே ஒரு நடை போய், எந்த அறை எந்தத் திசையில், எந்த மாடியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

வெயிலில் வேலை செய்பவர்களை மறந்துவிடக்கூடாது. அவர்கள் இளைஞர்கள், பட்டியலில் வராதவர்கள், ஆனால் திடீரென்று விழுபவர்கள். வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதனால் புதிதாக வேலைக்கு வந்தவருக்கு முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் முப்பது நாற்பது வயதிலேயே சிறுநீரகம் கெட்டு இறந்தது உலகத்துக்குத் தெரிந்த கதை. நிழல், தண்ணீர், கட்டாய ஓய்வு மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்த இடங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. உங்கள் மன்றமே தெருக்களைப் பெருக்கவும் சாக்கடை தூர்வாரவும் ஆட்களை வைத்திருக்குமே, அவர்களின் வேலை நேரத்தை மாற்றுவது உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது.

இப்போது புகை மருந்து இயந்திரத்துக்கு வருகிறேன். வாங்க வேண்டாம். புகை போகும்போது ஊரே வேடிக்கை பார்க்கும், ஏதோ நடக்கிறது என்ற திருப்தி எல்லோருக்கும் வரும். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் கொசு வீட்டுக்குள்ளே, துணிகளுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். தெருவில் அடிக்கும் புகை அங்கே போவதில்லை. போனாலும் பறக்கும் கொசுதான் சாகும், தண்ணீரில் இருக்கும் புழு சாகாது. இரண்டு மூன்று நாளில் அடுத்த கூட்டம் இறக்கை முளைத்துக் கிளம்பிவிடும். நோய் பரவத் தொடங்கிவிட்ட தெருவில், வீட்டுக்குள்ளேயும் சேர்த்து அடிப்பது தேவைப்படலாம். அதற்கு மாவட்ட அளவில் இருக்கும் இயந்திரத்தை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

டெங்கு மழைக்கால நோய் என்று நினைத்துக்கொண்டு பலர் ஏமாறுகிறார்கள். வறட்சியிலும் வரும். குழாயில் தண்ணீர் வராதபோதுதான் ஜனங்கள் டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைப்பார்கள். அந்த டிரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கரும்புள்ளிகளாக ஈடிஸ் முட்டை ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று நினைப்போம். அந்த முட்டைகள் பல மாதம் காய்ந்தே கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் கொட்டுவதோடு நில்லாமல் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் பிடிக்கும், வெப்பம் கூடினால் இன்னும் சீக்கிரம். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்தால் கணக்கு சரியாக வரும். வெப்பம் கொசுவின் உடம்புக்குள் வைரஸ் பெருகும் வேகத்தையும் கூட்டுகிறது. மலைநாடான நேபாளத்தில் முதல் டெங்கு நோயாளி 2004இல்தான் கண்டுபிடிக்கப்பட்டார். 2022இல் அங்கே 50,000க்கும் மேல். உங்கள் ஊரில் இதுவரை வந்ததில்லை என்பதை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் டிரம்களுக்குக் கச்சிதமான மூடிகளும், வாரம் ஒரு முறை வீடு வீடாகப் போக இரண்டு ஆட்களும் போதும்.

வெள்ளம், புயல் பக்கம் வருவோம். பங்களாதேஷைத்தான் உதாரணமாகச் சொல்வேன். 1970 போலா புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 1991இல் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல். 2020இல் ஆம்பன் புயல் வந்தபோது அந்த நாட்டில் இறந்தவர்கள் நூறைக்கூடத் தொடவில்லை. கடல் சாந்தமாகிவிடவில்லை, ஜனத்தொகையும் குறையவில்லை. 1972இல் தொடங்கிய புயல் தயார்நிலைத் திட்டத்தில் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கொடியேற்றி, ஒலிபெருக்கி எடுத்து, வீடு வீடாகப் போய் ஆட்களைக் கிளப்புவது அவர்கள் வேலை. 1991இல் இறந்தவர்களில் பெண்கள் மிக அதிகம். பெண் தன்னார்வலர்களைச் சேர்த்த பிறகு, வீட்டுக்குள் இருக்கும் பெண்களிடம் பேச ஆள் கிடைத்தது. நான் சொல்லும் பட்டியலும் ஆளும் இதே வேலைதான், அளவு மட்டும் சிறியது.

வெள்ளம் வடிந்த பிறகு வருவதுதான் சுகாதாரக் குழுவின் நேரம். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முகாமில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடர் வந்தது, அளவு பார்த்துத் தொட்டியில் கலந்தோம், நிம்மதியாக இருந்தோம். மூன்றாம் நாள் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. குளோரின் இருந்தால் நிறம் காட்டும் சோதனையைச் செய்து பார்த்தால் நிறமே வரவில்லை. பவுடர் பழையது, ஈரம் பட்டு வீரியம் போய்விட்டிருந்தது. மூட்டையைத் திறந்தபோது அந்தக் காரமான நெடி மூக்கில் ஏறவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். எவ்வளவு பவுடர் போட்டோம் என்பது முக்கியமே இல்லை. கலந்து அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தெருக்கோடிக் குழாயிலும் பார்க்க வேண்டும். சோதனைப் பெட்டி சிறியது, பள்ளிப் பிள்ளைகள் கூடச் செய்துவிடலாம். நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே பழகியவர், அப்புறம் என்ன?

வெள்ள நீரில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். 2018 கேரள வெள்ளத்தின்போது அப்படிப்பட்டவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வாரம் ஒரு முறை கொடுத்தார்கள். அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் முடிவை வெள்ளம் வந்த பிறகு எடுக்க உட்கார்ந்தால் தாமதம், யாருக்கு, எவ்வளவு, எங்கே இருப்பு என்று இப்போதே கேட்டு வையுங்கள். மின்சாரம் போனால் வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டக்கூடாது என்பதையும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குடும்பமே தூக்கத்திலேயே போய்விடும்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது, 2017இல் போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கிய மரியா புயலைச் சொல்லாமல் இருக்க முடியாது. அரசு முதலில் சொன்ன சாவுக் கணக்கு 64. பிறகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு மாதத்துக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது 2,975. மின்சாரம் மாதக்கணக்கில் வரவில்லை, சாலைகள் அடைபட்டன. டயாலிசிஸ் கிடைக்காதவர்கள், ஆக்ஸிஜன் இயந்திரம் நின்றுபோனவர்கள், இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க முடியாதவர்கள், இப்படிப் பலர் சத்தமில்லாமல் போனார்கள். உங்கள் பட்டியலில் இவர்களுக்கு ஒரு தனிப் பத்தி போடுங்கள். டயாலிசிஸ் எந்தெந்தக் கிழமை, மாற்று மையம் எது, ஆக்ஸிஜனுக்கு மாற்று சிலிண்டர் எங்கே, பிரசவ தேதி நெருங்கியவர்கள் யார். சுகாதார நிலையத்தில் ஜெனரேட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், டீசல் பம்பையும் பாருங்கள். 2012 சாண்டி புயலில் நியூயார்க்கின் ஒரு பெரிய மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் மேலே பத்திரமாக இருந்தன, எண்ணெய் பம்புகள் அடித்தளத்தில் மூழ்கின. தீவிர சிகிச்சையில் இருந்த 20 பச்சிளங்குழந்தைகளைச் செவிலியர்கள் இருட்டில் படிக்கட்டு வழியாக நெஞ்சோடு அணைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். சில குழந்தைகளுக்கு மூச்சு கொடுக்கும் ரப்பர் பையைக் கையால் அழுத்திக்கொண்டே இறங்கினார்கள்.

காட்டுத்தீப் புகை உங்கள் பக்கம் வருமானால், ஆஸ்துமாக்காரர்களையும் இதய நோயாளிகளையும் அதே பட்டியலில் சேருங்கள். துணி முகமூடி நுண்துகளைத் தடுக்காது, என்95 வகைதான் தடுக்கும். இன்ஹேலர் கையிருப்பு இருக்கிறதா என்று கேட்பது தன்னார்வலரின் கேள்விகளில் ஒன்றாகட்டும். இதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்.

திட்டம் எத்தனை பக்கம் இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், சுவரில் ஒட்டும் அளவுக்கு என்று சொல்லுங்கள். யார், எந்தப் பத்து வீடு, அவர் ஊரில் இல்லாவிட்டால் பதிலுக்கு யார், எந்த எண்ணுக்கு போன் செய்வது. வெயில் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். பாதிப் போன் எண்கள் மாறியிருக்கும், இரண்டு பேர் வீடு மாறியிருப்பார்கள். ஒத்திகையின் பயனே அதுதான். பட்டியலில் நோய் விவரங்கள் இருப்பதால் அது யார் கையில் இருக்கலாம் என்பதையும் தீர்மானித்துவிடுங்கள். தெருக்குழு வாட்ஸ்அப்பில் போட்டால் அடுத்த வருடம் ஒருவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

இனி அம்மா. நீர் மாத்திரை உடம்பிலிருந்து தண்ணீரையும் உப்பையும் வெளியேற்றும். வெயிலில் வியர்வையும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், விழுந்து இடுப்பெலும்பு முறியும், சோடியம் குறைந்து குழப்பம் வரும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கோடைக்கு முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு முறை கூட்டிப் போய், கடும் வெயில் நாட்களில் அளவைக் குறைக்க வேண்டுமா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்குத் தண்ணீருக்கே ஒரு அளவு இருக்கும், “நிறையக் குடிங்கம்மா” என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மனநலம், தூக்கம், ஒவ்வாமை என்று வேறு மாத்திரைகள் ஏதாவது சாப்பிட்டால் அவற்றையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள், சில மாத்திரைகள் வியர்வையைத் தடுக்கும். வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால் தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால் உடம்பில் தண்ணீர் குறைகிறது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ராத்திரி கழிப்பறைக்குப் போகும் பயத்தில் அவர் தண்ணீரைக் குறைக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். குறைக்கிறார் என்றால் வழியில் ஒரு விளக்கும் பிடிமானத்துக்கு ஒரு கம்பியும் போட்டுக் கொடுங்கள், மாத்திரையைக் காலையில் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

படுக்கிற அறையில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டுங்கள். மாலை ஏழு மணிக்கு போன் செய்யும்போது “எப்படி இருக்கீங்கம்மா” என்று கேட்டால் “நல்லாத்தான் இருக்கேன்” என்பார். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், மதியத்திலிருந்து எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார் என்று கேளுங்கள். எண் சொல்லத் தடுமாறினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, அடுத்த போன் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டு எண் உங்களிடம் இருக்கிறதா, அம்மா வீட்டின் மாற்றுச் சாவி அவர்களிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.